கையில் சேமிப்பு இருக்கும்போது முதல் வீட்டுக்குப் பணம் திரட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்து, சிக்கனமாகச் சேர்த்து, இப்போது ஒரு வீட்டின் விலைக்கு ஏறக்குறைய ஈடான தொகையை வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. விளக்கம் எளிதாக இருக்க ஒரே எடுத்துக்காட்டை இறுதிவரை பயன்படுத்தியிருக்கிறேன். சென்னை மேடவாக்கம் பக்கம், கட்டி முடித்து நிறைவுச் சான்றும் பெற்ற ஒரு புதிய அடுக்குமாடி வீடு; விலை 90 லட்சம் ரூபாய். வாங்குபவர்கள் இருவரும் வேலைக்குச் செல்லும் கணவன் மனைவி. அவர்களுடைய சேமிப்பு 1 கோடியே 5 லட்சம்: வங்கி வைப்பில் 40 லட்சம், பங்குசார் மியூச்சுவல் ஃபண்டில் 35 லட்சம், இருவரின் பிஎஃப் (ஊழியர் வருங்கால வைப்பு நிதி) கணக்குகளில் 20 லட்சம், பிபிஎஃப்பில் (பொது வருங்கால வைப்பு நிதி) 10 லட்சம். கடன் வட்டியைக் கணக்குக்காக ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

முழுத் தொகையும் கையில் இருக்கும்போது கடன் எதற்கு?

கடன் இல்லாத வீடு என்பது நம் வீடுகளில் ஒரு பெருமை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே ஒரு விஷயம் பெரும்பாலோர் கவனத்துக்கு வருவதில்லை. வீட்டுக் கடன் என்னும் மலிவான கடன் வீடு வாங்கும் நேரத்தில்தான் கிடைக்கும். வாங்கிய கடனை எந்த நாளில் வேண்டுமானாலும் அடைத்துவிடலாம். வாங்காமல் விட்ட கடனை மூன்று ஆண்டுகள் கழித்துப் போய் அதே வட்டிக்குக் கேட்க முடியாது. முழுப் பணத்தையும் கொடுத்துக் கிரயம் முடித்தவருக்குப் பின்னாளில் வேலை போனாலோ, வீட்டில் ஒருவருக்குப் பெரிய மருத்துவச் செலவு வந்தாலோ, அவர் வங்கியில் கேட்கக்கூடியது சொத்து அடமானக் கடன். அதன் வட்டி வீட்டுக் கடனைவிடப் பொதுவாக ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும், சொத்து மதிப்பில் தரும் பங்கும் குறையும், காலமும் குறுகும். வேலை இல்லாத நேரத்தில் அந்தக் கடனும் எளிதில் கிடைக்காது. பதிவு முடிந்து சில மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் வீட்டுக் கடனாகவே தரும் வங்கிகள் இருக்கின்றன என்றாலும், அதை நம்பித் திட்டமிடுவது சரியன்று.

ஆகவே கடனா, சொந்தப் பணமா என்று கேட்பதைவிட, சுவருக்குள் போன பணம் எளிதில் வெளியே வராது என்பதால் எவ்வளவு பணத்தை வெளியே வைத்திருப்பது என்று கேட்பதே பொருத்தம்.

90 லட்ச ரூபாய் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு பணம் வேண்டும்?

நம் எடுத்துக்காட்டில் ஏறக்குறைய 1 கோடியே 2 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பது 2023 ஏப்ரலுக்குப் பின் உள்ள பொது விகிதம். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து, கட்டுமான நிறுவனத்திடமிருந்து முதன்முறை விற்கப்படும் அடுக்குமாடி வீடுகளை நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிவு செய்கிறார்கள். 50 லட்சம் வரை 4 சதவீதமும், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதமும் முத்திரைத் தீர்வை, அதனுடன் 2 சதவீதப் பதிவுக் கட்டணம். 90 லட்சத்துக்கு இது 6 லட்சத்து 30 ஆயிரம். இதே விலையில் பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் 9 சதவீதம், அதாவது 8 லட்சத்து 10 ஆயிரம்.

மீதமுள்ள ஐந்தாறு லட்சம் எங்கே போகிறது என்று வீட்டுக்குக் குடிபோனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சமையலறை மரவேலை, அலமாரிகள், மின்விசிறி, ஜன்னல் வலை, குடியிருப்போர் சங்கத்துக்கான கார்பஸ் தொகை (பொதுச் செலவுகளுக்கான வைப்பு நிதி), வக்கீல் கட்டணம், கடைசியில் கிரகப்பிரவேசம். விலை பேசும்போது இவற்றில் எதுவும் நினைவுக்கு வராது.

வங்கி எவ்வளவு வரை கடன் தரும்?

ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதமும், அதற்கு மேற்பட்ட கடனுக்கு 75 சதவீதமும் உச்சவரம்பு. 90 லட்ச வீட்டுக்கு 72 லட்சம் வரை கிடைக்கலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்தச் சொத்து மதிப்பில் சேராது (10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகள் மட்டும் விலக்கு). கிடைக்கக்கூடிய அளவுக்கும் வாங்க வேண்டிய அளவுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் வங்கி அலுவலர் 72 லட்சமும் எடுத்துக்கொள்ளச் சொல்வார். அது அவருடைய இலக்கு.

எந்தச் சேமிப்பை முதலில் எடுப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். இதற்கு விடை கிடைத்தால் கடன் தொகை தானாகவே தெரிந்துவிடும்.

முதலில், தொடவே கூடாத தொகையை ஒதுக்க வேண்டும். கடன் தவணையையும் சேர்த்து ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை வங்கி வைப்பில் இருக்கட்டும். நம் தம்பதிக்கு அது 8 லட்சம் என்று கொள்வோம். ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பமாக இருந்தால் பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வேன்.

அடுத்தது பிஎஃப். வீடு வாங்க அதிலிருந்து எடுக்க அனுமதி இருக்கிறது என்பதாலேயே பலர் முதலில் அங்கேதான் கைவைக்கிறார்கள். 2023-24, 2024-25 ஆகிய இரண்டு நிதியாண்டுகளுக்கும் பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். ஊழியர் தம் பங்காக ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் செலுத்தினால் மட்டுமே அந்தக் கூடுதல் தொகையின் வட்டிக்கு வரி உண்டு. மற்றவர்களுக்கு அது வரியில்லா வருமானம். 8.25 சதவீதம் வரியின்றி ஈட்டும் பணத்தை எடுத்து 8 சதவீதக் கடனைத் தவிர்ப்பதில் லாபம் எங்கே இருக்கிறது? எடுத்த பணத்தைத் திரும்பக் கட்டவும் வழியில்லை. பிபிஎஃப் வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதமாகவே இருக்கிறது. இதுவும் வரியற்றது, இதிலும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது. ஆகவே இந்த இரண்டும் சேர்ந்த 30 லட்சத்தை அப்படியே விட்டுவிடலாம்.

முதலில் எடுக்க வேண்டியது வங்கி வைப்பு. வரி போக மிகக் குறைவாக ஈட்டுவது அதுதான். ஒதுக்கிய 8 லட்சம் போக மீதி 32 லட்சமும் வீட்டுக்குப் போகட்டும். வைப்பை முதிர்வுக்கு முன்பே உடைத்தால் வங்கி வட்டியைக் குறைக்கும். ஆகவே, கிரயத் தேதிக்குள் முதிர்வனவற்றை முதலில் பட்டியலிட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஒரு வைப்பு மட்டும் இரண்டு மாதம் தள்ளி முதிர்கிறது என்றால், அதை உடைக்காமல் அதன் பேரில் குறுகிய காலக் கடன் எடுப்பது சில வேளைகளில் மலிவாக முடியும்.

மிஞ்சுவது மியூச்சுவல் ஃபண்ட். இதில் மட்டும் அறிஞர்களிடையே சண்டை உண்டு. பங்குச் சந்தை நீண்ட காலத்தில் 8 சதவீதத்துக்கு மேல் தரும், எனவே தொடாதே என்பது ஒரு கட்சி. தரலாம், தரும் என்று எழுதிக்கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். என் தீர்ப்பு இது: ஓய்வுக் காலத்துக்கென்று திட்டமிட்டுப் போடும் மாதாந்தர எஸ்ஐபி (ஃபண்டில் மாதந்தோறும் போடும் முதலீடு) தொடரட்டும், வீட்டுக்கென்று சேர்த்த பணம் வீட்டுக்கே போகட்டும். நம் தம்பதி 35 லட்சத்தையும் எடுத்தால், 32-உம் 35-உம் சேர்ந்து 67 லட்சம். தேவைப்படும் 1 கோடியே 2 லட்சத்தில் மீதி 35 லட்சம்தான் கடன்.

ஓராண்டுக்குள் வீடு வாங்குவதாக முடிவாகிவிட்டால், அந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் விட்டுவைக்க வேண்டாம். பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 2020 ஜனவரியில் 12,000 புள்ளிகளுக்கு மேல் இருந்தது. மார்ச் 23-இல் 8,000-க்குக் கீழே இறங்கியது. அந்த ஏப்ரலில் கிரயத் தேதி வைத்திருந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஃபண்டை விற்றால் வரி கட்ட வேண்டுமே?

பங்குசார் ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 35 லட்சத்தில் 15 லட்சம் லாபம் என்றால், செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) சேர்த்து வரி 1 லட்சத்து 79 ஆயிரம் அளவுக்கு வரும்.

ஆனால் முதல் வீடு வாங்குபவருக்கு இங்கே ஒரு பெரிய சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வீடு அல்லாத வேறு நீண்டகாலச் சொத்தை (பங்கு, ஃபண்ட், தங்கம், மனை) விற்ற முழுத் தொகையையும் ஒரு குடியிருப்பு வீட்டில் போட்டால், அந்த லாபத்துக்கு விலக்குக் கோரலாம். விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும். கட்டுவதாக இருந்தால் மூன்று ஆண்டுகள். விற்கும் நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. பழைய சட்டத்தில் 54எஃப் என்று பழகிப்போன பிரிவு இது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், ஆடிட்டரிடம் பேசும்போது எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லுங்கள். ஃபண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர் கிரயப் பத்திரத்திலும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கிய கடன்பத்திர ஃபண்டுகளின் லாபம் குறுகியகால லாபமாகவே கருதப்படுவதால் அவற்றுக்கு இந்த வழி இல்லை.

வைப்புக்கு 7 சதவீதம் வாங்கிக்கொண்டு கடனுக்கு 8 சதவீதம் கட்டுவது நஷ்டம்தானே?

ஆம், நஷ்டம்தான், அதுவும் தோன்றுவதைவிடக் கூடுதலான நஷ்டம். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 7 சதவீத வைப்பு வட்டி செஸ்ஸும் போக 4.8 சதவீதமாகச் சுருங்கிவிடும். கடனுக்குக் கொடுப்பது 8. இடைவெளி 3.2 சதவீதம். 35 லட்சம் ரூபாயை வைப்பில் வைத்துக்கொண்டு அதே 35 லட்சத்தைக் கடனாக வாங்கினால் ஆண்டுக்கு 1 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய் வெறுமனே போகிறது. அதனால்தான், அவசரத் தொகைக்கு மேல் உள்ள வைப்பை உடைத்துவிடச் சொன்னேன். அவசரத் தொகையான 8 லட்சத்துக்கும் இதே இடைவெளி உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 25 ஆயிரம். அதைக் கையில் பணம் இருப்பதற்கான கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை ஆண்டுகளுக்குக் கடன் வாங்குவது?

35 லட்சத்துக்கு 20 ஆண்டு என்றால் மாதம் 29,275 ரூபாய்; மொத்த வட்டி 35 லட்சத்து 26 ஆயிரம். 15 ஆண்டு என்றால் மாதம் 33,448. மொத்த வட்டி 25 லட்சத்து 21 ஆயிரம். மாதம் நான்காயிரம் கூடுதலாகக் கட்டினால் பத்து லட்சம் மிச்சம் என்று பார்த்ததும் எல்லோரும் 15-ஐத் தேர்ந்தெடுக்க நினைப்பார்கள்.

நான் 20-ஐ எடுத்துக்கொண்டு 15-க்கு உரிய தொகையைக் கட்டச் சொல்வேன். தவணை என்பது கட்டாயம். கூடுதலாகக் கட்டுவது உங்கள் விருப்பம். சம்பளம் வராத மாதத்தில் இந்த வேறுபாடு தெரியும். ஆனால் இந்த யோசனை கையில் ஒழுங்கு உள்ளவர்களுக்கு மட்டும். மீதியாகும் நான்காயிரம் மாதந்தோறும் எங்கேயோ கரைந்துபோகும் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் 15 ஆண்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா?

தனிநபர் வாங்கிய, மாறும் வட்டியிலான வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே உத்தரவிட்டுவிட்டது.

முன்கூட்டி அடைப்பதன் பலன் தொடக்க ஆண்டுகளில்தான் மிகுதி. 20 ஆண்டுக் கடனில் முதல் ஆண்டு நீங்கள் கட்டும் 3 லட்சத்து 51 ஆயிரத்தில் அசலுக்குப் போவது 74 ஆயிரம்தான். மீதி 2 லட்சத்து 77 ஆயிரமும் வட்டி. வங்கி தரும் ஆண்டறிக்கையில் இந்த எண்ணை முதன்முறை பார்ப்பவர்கள் தப்பாக அச்சாகிவிட்டதோ என்று நினைப்பதுண்டு. ஓராண்டு முடிவில் போனஸோ முதிர்ந்த பாலிசியோ வந்து 5 லட்சத்தை அசலில் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால், 228 மாதம் பாக்கி இருந்த கடன் 165 மாதத்தில் முடிகிறது. மிச்சமாகும் வட்டி சுமார் 13 லட்சம். அந்தத் தொகையைக் கட்டும்போது 'தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்' என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் என்கிறார்களே, அது என்ன?

பாரத ஸ்டேட் வங்கியின் 'மேக்ஸ்கெயின்' போன்றவை இந்த வகை. கடன் ஒரு நடப்புக் கணக்கைப் போல இயங்கும். கையில் மிகுதியாக இருக்கும் பணத்தை அதில் போட்டுவைத்தால் அந்த நாள்களுக்கு அந்தத் தொகைக்கு வட்டி இல்லை; தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் சாதாரணக் கடனைவிடச் சற்று அதிகம்.

சேமிப்பு கையில் உள்ளவர்களுக்கென்றே செய்ததுபோல் இருப்பது இந்தக் கடன்தான். மேலே சொன்ன 8 லட்ச அவசரத் தொகையை வைப்பில் போட்டால் வரி போக 4.8 சதவீதம், இந்தக் கணக்கில் போட்டுவைத்தால் 8 சதவீதத்துக்கு மேல் மிச்சம், மிச்சமான வட்டிக்கு வருமான வரியும் கிடையாது. பணமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. ஆனால் முழுக் கடனுக்கும் கூடுதல் வட்டி கட்டிவிட்டு, கணக்கில் ஒன்றுமே போடாமல் இருந்தால் நஷ்டம். தோராயமாக, கடன் தொகையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் அதில் இருக்கும் என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

மாறும் வட்டியா, நிலையான வட்டியா?

மாறும் வட்டி. நிலையான வட்டி பெரும்பாலும் தொடக்கத்திலேயே அதிகமாக இருக்கும். பல வங்கிகளில் அது சில ஆண்டுகளுக்கு மட்டுமே நிலையானது. முன்கூட்டி அடைக்கும் சுதந்திரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. சேமிப்பு உள்ளவருக்கு அந்தச் சுதந்திரமே பெரிது.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிய மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலுடன் இணைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றியமைக்க வேண்டும். வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தம் சொந்த அளவுகோலை வைத்திருப்பதால் வட்டி ஏறும்போது விரைவாகவும் இறங்கும்போது மெதுவாகவும் மாறுவதுண்டு. எனக்கு வங்கிதான் பிடிக்கும்.

மாறும் வட்டியின் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 7 சதவீதத்தில் 35 லட்சத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்கியவரின் தவணை 27,135 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி 9.5 ஆகிவிட்டால் ஒரு மாத வட்டி மட்டும் 27,708 ரூபாய். தவணை வட்டிக்கே போதாது. இந்த அனுபவத்துக்குப் பின்தான், வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. கேட்கும் குறுஞ்செய்தி வரும்போது தவணையை உயர்த்தச் சொல்லுங்கள். பிஎஃப்பும் பிபிஎஃப்பும் தொடாமல் இருக்க, 35 லட்சக் கடனோடு நிற்பவருக்கு அது தாங்கக்கூடியதே.

வரிச் சலுகைக்காகப் பெரிய கடன் வாங்கலாமா?

வேண்டாம். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம், அசலுக்கு மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ஒன்றரை லட்சம் என்ற கழிவுகள் பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை. அதில் இரண்டும் இல்லை. கழிவு கிடைப்பவருக்கும்கூட நூறு ரூபாய் வட்டி கட்டி முப்பது ரூபாய் வரியை மிச்சம் செய்வதில் எழுபது ரூபாய் போகிறது.

கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் இந்தக் கணக்கு மாறுமா?

மாறும். நிறைவுச் சான்று பெறாத வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு (45 லட்சத்துக்குள், குறிப்பிட்ட பரப்பளவுக்குள் இருந்தால் 1 சதவீதம்). வங்கி உங்கள் பங்கை முதலில் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு கட்டுமானம் ஏறும் படிகளுக்கேற்பக் கடனை விடுவிக்கும். ஆகவே மேலே சொன்ன 67 லட்சமும் முதல் ஓராண்டிலேயே போய், வாடகையும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு நான் கூடுதல் கடனையே பரிந்துரைப்பேன். சொந்தப் பங்கை 67-லிருந்து 45 அல்லது 50-க்குக் குறைத்துக்கொண்டு, சாவி கைக்கு வந்த பின் மீதியை அசலில் கட்டிவிடலாம். கட்டுமானம் நின்றுபோனால் பணம் சிக்குவது உங்களுடையது மட்டுமாக இருக்கக் கூடாது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

அப்பா, மாமனார் பணம் தருகிறார்கள். வாங்கலாமா?

பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோர் தரும் அன்பளிப்புக்கு வாங்குபவர் வரி கட்ட வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு வழியாக வாங்கிக்கொண்டு, அன்பளிப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைமாற்று என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கச் சட்டத்தில் தடை இருக்கிறது. வீட்டுக்கான அட்வான்ஸுக்கும் அதே தடை பொருந்தும். விற்பவர் 'பாதி வெள்ளை, பாதி கறுப்பு' என்று ஆரம்பித்தால், பத்திரத்தில் விலை குறைவதால் உங்கள் கடன் தகுதியும், மேலே சொன்ன வரி விலக்கும், நாளை நீங்கள் விற்கும்போது காட்டும் வாங்கிய விலையும் சேர்ந்தே குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதுவரை கடனே வாங்கியதில்லை. கடன் கிடைக்குமா?

சிக்கனமானவர்களுக்கு வரும் விசித்திரமான தொல்லை இது. கிரெடிட் கார்டுகூட இல்லாதவருக்குக் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) இருக்காது; அறிக்கையில் -1 என்றோ வரலாறு இல்லை என்றோ இருக்கும். நிலையான சம்பளம் இருந்தால் கடன் கிடைக்கும்; ஆனால் மிகக் குறைந்த வட்டி விகிதம் நல்ல மதிப்பெண் உள்ளவர்களுக்கே. வீடு தேடத் தொடங்கும்போதே ஒரு கார்டு வாங்கி, மளிகை, பெட்ரோலுக்கு மட்டும் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுமையாகக் கட்டிவந்தால் போதும். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மதிப்பெண் இருந்தால் கூட்டாக விண்ணப்பிக்கலாம்.

கடனோடு காப்பீடும் எடுக்க வேண்டும் என்கிறார்களே?

கடனுக்கு நிகரான ஆயுள் காப்பீடு தேவைதான். அதை அந்த வங்கியிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் வீடு வாங்கியபோது, ஒப்புதல் கடிதத்தில் கடன் தொகை நான் கேட்டதைவிட ஒரு லட்சத்துச் சொச்சம் கூடுதலாக இருந்தது. முதல் முறை படித்தபோது கண்ணில் படவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டு மறுபடி படித்தபோதுதான் பட்டது. ஒரே தவணைப் பிரீமியத்தை அசலோடு சேர்த்து, அதற்கும் இருபது ஆண்டு வட்டி போட்டிருந்தார்கள். மறுநாள் போய்க் கேட்டதும், 'எல்லாருக்கும் போடுறதுதான் சார், வேண்டாம்னா எழுதிக் குடுங்க' என்றார்கள். எழுதிக்கொடுத்தேன், எடுத்துவிட்டார்கள். தனியாக டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் தொகை தரும் ஆயுள் காப்பீடு) எடுத்தால் கடன் முடிந்த பின்னும், வங்கி மாறினாலும் அது உங்களோடு இருக்கும்.

வங்கி வக்கீல் பார்த்துவிட்டால் பத்திரம் சரியாகத்தானே இருக்கும்?

கடன் வாங்குவதில் எண்ணிக்கையில் வராத ஒரு லாபம் இது: தாய்ப் பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை இன்னொரு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. ஆனால் அந்த வக்கீல் பார்ப்பது வங்கியின் 35 லட்சத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று. உங்கள் 67 லட்சத்துக்காக அல்ல. பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி, கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் இருக்கிறதா என்பன போன்றவற்றுக்கு நீங்கள் காசு கொடுத்து அமர்த்தும் வக்கீல் வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்டுவதும் வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் பிடித்தம் வேறு, மிக அதிகம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கடனை அடைத்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும்?

கடன் வாங்கும்போது மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணத்தைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். எம்ஓடி என்று சொல்லப்படும் அது வில்லங்கச் சான்றில் ஒரு வரியாக நிற்கும். கடைசித் தவணை கட்டியதோடு அந்த வரி போய்விடாது. வங்கி அலுவலர் வந்து கையெழுத்திட்டு, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அதே அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. கடன் வாங்கிய அன்று வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்ப வாங்கும்போது ஒவ்வொரு தாளையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுங்கள். ஒரு மாதம் கழித்துப் புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, எம்ஓடிக்குக் கீழே ரசீது ஆவணமும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.